ஜெயித்தவருக்கே முட்டை

காலை ஏழு மணிக்கு சுலேமா இபார்ரா நான்காம் அறையின் பெஞ்சுகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பெஞ்சாக, குனிந்து, பார்வையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு. கண்ணுக்கு அங்கே வேலையில்லை, எல்லாம் விரல் பார்த்துக்கொள்ளும். காய்ந்த சூயிங்கம் என்றால் சுரண்டி எடுத்துக் குப்பைக் கூடையில் போடுவார். டேப் போட்டு ஒட்டிய காகிதம் அகப்பட்டால் முகம் மலர்ந்துவிடும். அதை நீவிச் சரிசெய்து, மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "ராத்திரி பூரா உக்காந்து இதை எழுதின நேரத்துல படிச்சிருந்தா பாஸாயிருப்பானே பாவி" என்று காலி அறையிடம் சொல்வார்.

பெதெல் என்பது அவருடைய வேலையின் பெயர். வகுப்பறைகளைத் திறப்பது, மணி அடிப்பது, வருகை எடுப்பது, பரீட்சை மண்டபத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பது, யார் எங்கே வாலாட்டினாலும் ஒழுங்குப் புத்தகத்தில் பெயரை எழுதுவது எல்லாம் பெதெலின் பாடு. சான் ரோக்கே கரும்பு ஊர். ஆலை ஒன்று, தேவாலயம் ஒன்று, சட்டக் கல்லூரி ஒன்று. அந்தக் கல்லூரியில் இருபத்தாறு வருடங்களாக சுலேமாதான் பெதெல். சாம்பல் நிற மேலங்கி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, இடுப்பில் நாற்பது சாவி. அவர் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வரும். அதனால் பரீட்சை நாட்களில் மட்டும் சாவிக் கொத்தை ஒரு காலுறைக்குள் போட்டுக் கட்டிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவர் செய்த கூத்தை ஊரே இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறது. ஒரு பேராசிரியர் பரீட்சை நடுவே தலையை நீட்டி, "மூணாவது அறையில ஒரு பையன்கிட்ட மச்சேத்தே இருக்கு, போய்ப் பிடுங்கு" என்றார். மாணவர் பாஷையில் மச்சேத்தே என்றால் பிட்டுக் காகிதம். சுலேமாவோ கரும்பு வெட்டுகிறவரின் மகள். அவருக்குத் தெரிந்த மச்சேத்தே, அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு போகும் முழ நீள வெட்டுக் கத்தி. ஓடிப்போய் வாசல் காவலரிடம், "போலீஸைக் கூப்பிடுங்கண்ணே!" என்றார். காவலர் அசையாமல், "பல்கலைக்கழகத்துக்குள்ள போலீஸ் காலடி வைக்கக் கூடாதும்மா, அதுதான் நம்ம சுயாட்சி. இங்க போலீஸ்னா நீயும் நானும்தான்" என்றார். சுலேமா துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் அறைக்குள் பாய்ந்து, "கத்தியக் கீழ போடுறா!" என்று அலறினார். சட்டைக் கைக்குள்ளிருந்து இரண்டு விரல் அகலக் காகிதத்தை எடுத்துக் கீழே போட்டான் ஒரு நோஞ்சான் பையன். போட்ட கையோடு அழுதும்விட்டான்.

அன்றைக்கு அவன் அழுதது சுலேமாவுக்குப் பிடிக்கவில்லை. அதிலிருந்து கத்துவதை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் யாராவது மடியில் காகிதம் வைத்திருந்தால் பின்னால் போய் நின்று, காதோரம் குனிந்து, "தம்பி, உன் கையில எறும்பு ஊருது" என்பார். அவ்வளவுதான். தட்டிவிட்டால் அவர் எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது முறையும் எறும்பு ஊர்ந்தால் காகிதம் அவர் சேர்த்துவைக்கும் தகர டப்பாவுக்கு, பெயர் புத்தகத்துக்கு. இதில் தாட்சண்யம் கிடையாது. முதல்வரின் மருமகன் பெயரையே எழுதியவர். முதல்வர் கூப்பிட்டு, "எழுத்து கொஞ்சம் தெளிவா இல்லையே" என்று இழுத்தபோது, புத்தகத்தை வாங்கிப் பெரிய எழுத்தில் இன்னொரு முறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இத்தனை கண்டிப்பானவரைக் கண்டு பிள்ளைகள் பயப்படுகிறார்களா என்றால், இல்லை. ஏனென்றால் அவரும் அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார். முப்பத்து நான்காவது வயதில், வேலை நேரத்துக்கு இடையே கிடைத்த இடைவெளிகளில், அதே கல்லூரியில் சட்டப் படிப்புக்குச் சேர்ந்தார். வருடத்துக்கு ஒரு பாடம், நல்ல வருடமென்றால் இரண்டு. வகுப்பில் கடைசிப் பெஞ்சு. வருகைப் பட்டியலை அவரே வாசிப்பார். "இபார்ரா, சுலேமா" என்று கூப்பிட்டு, தலையை நிமிர்த்தி, "உள்ளேன்" என்று பதிலும் சொல்லி, குறி போட்டுக்கொள்வார். ஒரு நாள் கழிப்பறைக் குழாய் உடைந்து பத்து நிமிடம் தாமதமாக வந்தவர், தனக்குத் தானே தாமதக் குறி போட்டுக்கொண்டார். "குழாய் உடைஞ்சது உங்க தப்பா தோன்யா?" என்று, நம் 'அம்மா' போன்ற அந்த ஊர் மரியாதைச் சொல்லோடு, பேராசிரியரே கேட்டார். "நேத்து ஒரு பொண்ணு பஸ் வரலன்னு சொல்லிச்சு, அவளுக்குப் போட்டேனே" என்றார் சுலேமா.

பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்கு அவர் மாத்தே தேநீர் கலந்து கொடுப்பார். மதிப்பெண் குறைந்தது என்று புலம்புகிறவர்களைத்தான் அவருக்குப் பொறுக்காது. இங்கே பத்துக்கு நாலு வாங்கினால் தேர்ச்சி. "நாலுக்கு மேல எல்லாம் அலங்காரம்" என்பது அவர் வாக்கு. ஏழு வாங்கிவிட்டு மூக்கைச் சிந்திய ஒருத்தியை தாழ்வாரப் பெஞ்சிலிருந்து எழுப்பியே விட்டிருக்கிறார்.

இனி முட்டை விவகாரம். பரீட்சையில் முட்டை என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். இந்த ஊரில் தலைகீழ். தோற்றவருக்கு முட்டை கிடையாது, ஜெயித்தவருக்குத்தான் முட்டை. கடைசிப் பாடத்தில் தேறிப் பட்டதாரியாகி வெளியே வருகிறவரைச் சொந்தபந்தமும் சிநேகிதர்களும் சூழ்ந்துகொண்டு முட்டை, மாவு, கடுகுச் சாந்து என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தலையில் கொட்டுவார்கள். எவ்வளவு நாற்றமோ அவ்வளவு பாசம். முன்பு இதெல்லாம் கல்லூரி முற்றத்திலேயே நடந்தது. ஒரு வருடம் வயதான பேராசிரியர் ஒருவர் மஞ்சள் கருவில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். நிர்வாகக் குழு கூடி, வாசற்படிக்கு உள்ளே ஒரு முட்டைகூட உடையக் கூடாது, மீறினால் ஒரு பருவத் தேர்வு எழுத முடியாது என்று முடிவு செய்தது.

அன்றிலிருந்து தேர்வு நாட்களில் காலையில் சுலேமா வாசற்படியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுகிறார். அளவுகோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருக்கும். கோட்டுக்கு வெளியே என்ன அட்டூழியம் செய்தாலும் அவர் கண்ணில் படாது. உள்ளே ஒரு சிட்டிகை மாவு விழுந்தால் போதும், புத்தகம் திறக்கும். மாணவர் சங்கத்து யானினா ஒரு முறை உற்சாகத்தில் ஒரு காலை உள்ளே வைத்து மாவை வீசிவிட்டாள். "மாவு வெளியதானே விழுந்துச்சு தோன்யா!" என்று வாதாடினாள். "கை எங்க இருந்துச்சு?" என்றார் சுலேமா. ஒரு பருவம் போயிற்று யானினாவுக்கு. அந்த ஆறு மாதமும் அவள் சுலேமாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏழாம் மாதம் தானாகவே வந்து மாத்தேக்குக் கை நீட்டினாள்.

சென்ற டிசம்பரில் சுலேமாவுக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தாறு பாடங்களில் முப்பத்தைந்து முடிந்துவிட்டன. மீதி ஒன்று, சொத்துரிமைச் சட்டம். அதில் மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறையும் தோற்றிருந்தார். இதற்கிடையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தார்கள். பழைய பாடத்திட்டம் இந்த ஆண்டுக் கடைசியோடு காலாவதி. முடிக்காதவர்கள் புதிய திட்டத்துக்கு மாறி மேலும் ஒன்பது பாடங்கள் எழுத வேண்டும். சுலேமா நான்கு மூலையிலும் ஊசி குத்தி, தாள் நேராக இருக்கிறதா என்று பின்னால் நகர்ந்து பார்த்தார். அப்புறம்தான் அதில் இருப்பது தன் தலையெழுத்து என்று உறைத்தது. ஒன்பது பாடம் என்றால் அவர் கணக்கில் ஒன்பது வருடம். டிசம்பர்த் தேர்வை விட்டால் கதை முடிந்தது.

இந்தத் தேர்வு வாய்மொழித் தேர்வு. பச்சைத் துணிப் பையில் பதினெட்டு மர உருண்டைகள் இருக்கும். உருண்டைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் அலகு. மாணவர் கையை விட்டு இரண்டு உருண்டை எடுத்து, அந்த இரண்டைப் பற்றியும் பேச வேண்டும். அந்தப் பையைத் தேர்வு மேசைக்குக் கொண்டுபோய் வைப்பதும், திரும்ப எடுத்து உருண்டைகளை எண்ணிப் பூட்டுவதும் சுலேமாதான். பல வருடங்களுக்கு முன் பை மாடிப்படியில் உருண்டபோது ஆறாம் எண்ணுக்கு மட்டும் ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு சில் பெயர்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. பெஞ்சுக்கு அடியில் டேப்பின் முனையைத் தேடிக் கண்டுபிடிக்கும் விரலுக்குத் தெரியும். புது உருண்டை கேட்டு இரண்டு தடவை நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டார். பதில் வரவில்லை.

சோதனை என்னவென்றால், அந்த ஆறாம் அலகு பொதுச்சுவர். இரண்டு வீட்டுக்கு நடுவில் நிற்கும் சுவர் யாருக்குச் சொந்தம், யார் பூச வேண்டும், யார் ஆணி அடிக்கலாம் என்கிற விவரமெல்லாம். சுலேமாவுக்கும் பக்கத்து வீட்டு தொலோசாவுக்கும் பதினான்கு வருடங்களாகப் பொதுச்சுவர்ச் சண்டை. அந்த அலகை அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். முன்பு தோற்ற மூன்று முறையும் நல்லவேளையாக, அல்லது கெட்டவேளையாக, ஆறாம் எண் அவர் விரலில் படவே இல்லை. பட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று அந்த டிசம்பர் முழுக்க அவர் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. கணவர் ஹாசிந்தோவிடம், "மத்தவங்க கையில எறும்பப் பாத்துப் பாத்து, இப்ப என் கையிலயே ஊருது" என்றார். ஹாசிந்தோ பஸ் ஓட்டுகிறவர். "மருந்து தடவு" என்றார்.

தேர்வன்று சுலேமா விடுப்பு எடுத்திருந்தார். சாம்பல் அங்கி இல்லாமல், நீலப் பூப்போட்ட கவுனில் அவரைப் பார்த்து முதலாண்டுப் பிள்ளைகள் யாரோ பெற்றோர் என்று நினைத்து வழி சொல்லப் பார்த்தார்கள். வாசற்படியில் யானினா மண்டியிட்டுக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விடுப்பில் இருப்பவர் சாக்பீஸைத் தொடக் கூடாது என்பதால் அந்த வேலை அவளுக்கு. கோடு பாதியில் வயிறு தள்ளியிருந்தது. சுலேமா அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடிக்கொண்டு உள்ளே போனார்.

மேசையில் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். நடுவில் தலைவர், டாக்டர் அரிஸ்தீதெஸ் கார்மோனா. துடைப்பத்தைப் பார்த்து அழுத அந்த நோஞ்சான் பையன்தான். இப்போது தொப்பையும் நரைத் தாடியும். அந்த ஊரில் டிசம்பர்தான் கோடை, நிழலிலேயே நாற்பது டிகிரி. மின்விசிறி சூட்டை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சுலேமா உட்கார்ந்தார், கைப்பையைத் திறந்தார், குளிர்காலக் கம்பளிக் கையுறை ஒன்றை எடுத்து வலது கையில் மாட்டினார். ஹாசிந்தோ ஜூலை மாதத்து விடிகாலை பஸ்ஸுக்குப் போட்டுக்கொள்கிற தடித்த கையுறை.

"என்ன தோன்யா, கையில அடிபட்டுதா?" என்றார் கார்மோனா.

"இல்ல டாக்டர். ஆறாம் நம்பர் உருண்டைக்கு ஓரம் பேந்திருக்கு. எனக்குத் தொட்டாத் தெரியும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலப்பக்கத்து இளம் பேராசிரியை பையிலிருந்து ஆறாம் எண்ணை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே!"

"உங்களுக்குத் தெரியாதும்மா. இருபது வருஷம் பை தூக்கணும்."

"அதுக்கு இந்த வெயில்லயா?" என்றார் கார்மோனா. "கையுறை போடணும்னு எந்த விதியிலயும் இல்லயே."

"போடக் கூடாதுன்னும் இல்ல டாக்டர். நான் பாத்துட்டேன்."

பைக்குள் கையை விட்டார். கம்பளிக்குள் விரல்கள் கட்டையாக இருந்தன. எல்லா உருண்டையும் ஒரே உருண்டையாகத் தெரிந்தது. இரண்டை அள்ளி மேசையில் வைத்தார். ஒன்பது, பதினொன்று. ஒன்பது, அனுபவ பாத்தியதை. பதினொன்று, அடமானம். மூன்று முறை அவரைக் கவிழ்த்த அதே அடமானம். சுலேமாவுக்கு மனதுக்குள் தொலோசாவின் சுவர் மேல் முதல் முறையாக ஒரு பிரியம் வந்தது.

ஒன்பதில் தொடங்கினார். ஒரு நிலத்திலோ வீட்டிலோ இருபது வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், சொந்தக்காரனைப்போல வாழ்ந்தவருக்கு அது சொந்தமாகும் என்பதைத் திக்காமல் திணறாமல் சொன்னார். கார்மோனாவுக்குக் குறும்பு. "அப்படின்னா, இருபத்தாறு வருஷமா இந்தக் கட்டடத்துச் சாவியெல்லாம் உங்க இடுப்புல. தினம் திறக்கிறீங்க, பூட்டுறீங்க. வழக்குப் போட்டா கட்டடம் உங்களுக்குத்தானே?"

பிள்ளைகள் பத்து வருடமாகச் செய்யும் கேலி இது. சுலேமா சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இல்ல டாக்டர். இருக்கிறது வேற, எனக்குன்னு இருக்கிறது வேற. சாவி என் இடுப்புல இருக்கு, ஆனா அது இன்னொருத்தரோடதுன்னு தெரிஞ்சேதான் வச்சிருக்கேன். காலையில அவங்களுக்காகத் திறக்கிறேன், சாயங்காலம் அவங்களுக்காகப் பூட்டுறேன். இப்படி வச்சிருக்கிறவ நூறு வருஷம் இருந்தாலும் ஒரு செங்கல்கூட அவளுக்குச் சேராது. சட்டம் அப்படித்தான் சொல்லுது. அது சரின்னுதான் எனக்கும் படுது."

இளம் பேராசிரியை தன் தாளில் என்னவோ எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

அப்புறம் அடமானம் வந்தது. அதில் சுலேமா கல்லும் முள்ளுமாக நடந்தார். முதல் கேள்விக்கு இரண்டாம் கேள்வியின் பதிலைச் சொன்னார். இரண்டாம் கேள்விக்குத் தண்ணீர் கேட்டார். மூன்றாவதுக்குத் தட்டுத்தடுமாறி ஒரு வழியாகக் கரை சேர்ந்தார். "வெளியே இருங்க தோன்யா" என்று அனுப்பினார்கள். தாழ்வாரத்தில், வழக்கமாகப் பிள்ளைகளை உட்காரவைத்து மாத்தே கொடுக்கும் அதே பெஞ்சில், கையுறையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். ஆறாம் எண்ணைத் தேடி எடுத்திருக்கலாம் என்ற நினைப்பு ஒரே ஒரு முறை வந்தது. வந்ததை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது நிற்காமல் போய்விட்டது, அதில் அவருக்கு நிம்மதி.

கதவைத் திறந்துகொண்டு கார்மோனாவே வந்தார். "நாலு" என்றார்.

சுலேமா கையுறையை விரல் விரலாக நீவி மடித்தார்.

"நாலுக்கு மேல எல்லாம் அலங்காரம், தோன்யா" என்றார் கார்மோனா. "எனக்கும் இதே பாடத்துல நாலுதான். இதே பெஞ்சுல வச்சு அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. அது போகட்டும், உங்க டப்பாவில என்னோட பிட்டு இன்னும் இருக்கா?"

"இருக்கு டாக்டர். கையெழுத்துதான் இன்னிக்கும் புரியல."

வாசலுக்கு வெளியே கூட்டம் தெருவை அடைத்து நின்றது. இருபத்து மூன்று வருடங்களில் அவரோடு ஏதாவது ஒரு பாடம் படித்தவர்கள்: வக்கீல்கள், ஒரு நீதிபதி, பாதியில் விட்டுவிட்டு ரொட்டிக்கடை வைத்தவர்கள். எல்லோர் கையிலும் முட்டை. ஹாசிந்தோ மாவு மூட்டையோடு நடைபாதையில் பஸ்ஸையே நிறுத்தியிருந்தார். சுலேமாவின் முகம் தெரிந்ததும் எழுந்த கூச்சலில் வாசல் மரத்துக் கிளிகள் பறந்தன. பொறுமை தாங்காத முதலாண்டுப் பையன் ஒருவன் முற்றத்துக்குள் ஓடிவந்து கையை ஓங்கிவிட்டான்.

"தம்பி," என்றார் சுலேமா, "உன் கையில எறும்பு ஊருது."

பையன் ஓங்கிய கையோடு பின்பக்கமாகவே நடந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். கூட்டம் சிரிப்பில் ஆடியது.

"வாங்க தோன்யா, வெளிய வாங்க!" என்று யானினா கத்தினாள். அவளுடைய இரண்டு காலும் ஒழுங்காக வெளியே இருந்தன. இரண்டு கையிலும் முட்டை.

சுலேமா படியில் வந்து நின்று குனிந்து பார்த்தார். "கோடு கோணலா இருக்கு, யானினா." பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கம்பளிக் கையுறைக்குள் பத்திரமாகச் செருகி, கோட்டுக்கு உள்பக்கம், சுவரோரமாக வைத்தார். கவுனை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கோட்டைத் தாண்டி வலது காலை வெளியே வைத்தார்.